அத்தை அடித்த வரி

நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. வழியனுப்ப வருவதாகச் சொன்ன அத்தை வரவில்லை. ஐந்து வருடம் அந்தக் கோபத்தையும் பெட்டியோடு சேர்த்துச் சுமந்தேன். அன்று அவள் எங்கே இருந்தாள் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னவர் அவளோடு வேலை பார்க்கும் ஒட்டகம். உயரத்துக்காக வைத்த பெயர்.

அத்தை ஒரு பெரிய சலவை நிலையத்தில் எழுத்தர். மருத்துவமனை விரிப்புகளை நீராவியில் வேகவைக்கும் இயந்திரங்கள் அங்கே உண்டு. ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நம் மொழியில் பலகை எழுதுவது அவள் வேலை.

நான் கிளம்பிய அந்த வாரத் திங்கட்கிழமை, புதிதாக வந்த இயந்திரத்தை ஒட்டகம் முதன்முதலாகத் திறந்தார். அத்தையின் பலகையில் எழுதியிருந்தபடியே நாலு நட்டுகளையும் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே மிச்சமிருந்த நீராவி மூடியைத் தூக்கி எறிந்தது. இடது கை முழங்கை வரை வெந்துபோனது. கவனக்குறைவு என்றார் மேலாளர். புதன்கிழமை பத்து மணிக்கு வேலைநீக்கக் கடிதம் தருவதாக ஏற்பாடு.

செவ்வாய் மாலை அத்தை கையேட்டை மறுபடி பிரித்திருக்கிறாள். நட்டுகளை 'லூசன்' செய்து ஐந்து நிமிடம் காத்திரு என்றது ஒரு வரி. 'ரிமூவ்' செய் என்றது அடுத்த வரி. இரண்டுக்கும் 'கழற்றவும்' என்றே அவள் எழுதியிருந்தாள். ஒரே வேலை இரண்டு முறை வருகிறதே, அச்சுப்பிழை போலும் என்று பின்னதை அப்போதே அடித்தும் விட்டிருந்தாள். எழுந்து போய் இயந்திரத்தைப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள், நான் கிளம்பிய அந்தப் புதன்கிழமை, பத்து மணிக்கு மேலாளர் முன்னால் கையேட்டோடு நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். செருப்பு வார் கடிச்சா லூசன் பண்ணுவோம். பிடி குறையும், செருப்பு கால்லயேதான் இருக்கும். ரிமூவ்னா செருப்பு வாசல்ல, கால் வீட்டுக்குள்ள. கறைய நாம ரிமூவ் பண்றோம். லூசன் மட்டும் பண்ணி அனுப்பினா ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா விடுவாங்களா? நட்டைத் தளர்த்திட்டு நின்னா ஆவி ஓரமா சீறிப் போயிடும். அப்புறம்தான் எடுக்கணும். முதல்லயே எடுக்கச் சொன்னது நான்."

"இதை எழுதிக் குடுத்தா உங்க நாற்காலி போயிடும்."

"போகட்டும் சார். அதுல உக்காந்துகிட்டு எழுதினதுதான் வினை."

ஒட்டகத்தின் வேலை நிலைத்தது. அத்தையை விரிப்பு மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அதோடு அவள் விடவில்லை. மதிய இடைவேளைகளில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இயந்திரம் இயந்திரமாகப் போய், முன்பு எழுதிய முப்பத்தொரு பலகைகளில் உள்ளதையும் தன் கையாலேயே செய்து பார்த்து அவற்றைத் திருத்தினாள். தப்பை ஒத்துக்கொண்டவர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொண்ட பிறகு ஸ்பேனரை எடுத்தவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஊர் சுற்றியிருக்கிறேன்.

போன மாதம் அத்தையின் கைபேசிக்கு ஒட்டகத்தின் குரல்செய்தி வந்தது. இப்போது அவர்தான் அங்கே மேற்பார்வையாளர்.

"அக்கா, இன்னொரு புது மெஷின் இறங்கியிருக்கு. பலகை நீங்கதான் எழுதணும்னு மேலாளரே சொல்லிட்டார். நாற்காலி போடட்டுமான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். ஸ்பேனர் எடுத்து வச்சிருக்கேன், வாங்க."