வீட்டுக்காரர் சொன்ன ‘ஓம்’

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிட்னியில் நார்த்மீட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால், பெட்ரோல் வீணானாலும் பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டு வேறு வழியில்தான் போகிறேன். கேட்பவர்களிடம் டிராஃபிக் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. வெளிச்சமும் நிழலும் தெரியும். முகத்துக்கு அருகில் வைத்தால் பெரிய எழுத்துகள் தெரியும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியர் இருக்கும் பள்ளி அந்த வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி இருந்தது. அதற்காகத்தான் சமையலறைக் கூரை ஒழுகும் அந்தப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நான்கு வருடம் பழக்கி, பத்து வயதில் கைத்தடியை வைத்துக்கொண்டு அவள் தனியாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். பள்ளி வாசலில் நின்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், “அம்மா, யூ கேன் கோ ஹோம் நவ்” என்றாள். என் செருப்புச் சத்தத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். நடுத்தெருவில் நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். எழுபதைத் தாண்டியவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். வாடகை ஒருநாள் தாமதமானாலும் முகம் சுளிக்க மாட்டார். பின்பக்கம் நான் வைத்த கறிவேப்பிலைச் செடி மரமாகிவிட்டதைப் பார்த்து, “நல்ல கை பிள்ளை உமக்கு” என்பார். ஒருநாள் வந்தார். போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

“நான் மகளோட மெல்பேர்னுக்குப் போகப்போறன் பிள்ளை. கிரெய்கிபர்ன்ல வீடு எடுத்திருக்கினம். இந்த வீட்டை விக்கவேணும். வெளியாக்களுக்குக் குடுக்க முன்னம் உங்களைக் கேக்கவேணும் எண்டு வந்தனான். ரெண்டு பேரும் கதைச்சு ஒரு விலை சொல்லுங்கோ.”

அவர் போன பிறகு நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அப்போதுதான் நிரந்தர விசா வந்திருந்தது. எவ்வளவு வரை கடன் தருவோம் என்று பேங்க்காரர்களும் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொகையும் எங்கள் சேமிப்பும் சேர்ந்து, அடுத்த தெருவில் அதேபோன்ற வீடு விற்ற விலைக்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தது. இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும்? நேராகப் போய் அந்தத் தொகையைச் சொல்லியிருக்க வேண்டும். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நாங்கள் பேரம் பேசிப் பிழைத்த ஊரிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க்கிங்கில், மகள் உள்ளே பாட்டு வகுப்பில் இருக்க, நாங்கள் இருவரும் காருக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் ஏற்கெனவே அவருக்கு வேப்பிலை அடித்து அனுப்பியிருந்தார். மூன்று வீடு வாங்கியவராம், பெரிய அனுபவசாலியாம்.

“எடுத்த எடுப்புலயே முழுசா சொன்னா அதுக்கு மேல கேட்பாருடி. நாம குறைச்சுச் சொல்வோம். அவர் கூட்டிச் சொல்வார். நடுவுல எங்கயாவது வந்து நிக்கும்” என்றார் கணவர்.

“மனுஷன் நம்மள நம்பி வந்திருக்கார். உள்ளதைச் சொல்லிடலாமே” என்றேன்.

“நம்புறது வேற, யாவாரம் வேற.”

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. நானும் தி.நகர் நடைபாதையில் பாதி விலைக்குக் கேட்டு, கோபித்துக்கொண்டு நான்கடி நடந்து, கடைக்காரர் கூப்பிட்டதும் திரும்பி வந்து பழகியவள்தானே. எங்களால் முடிந்ததைவிட ஒரு லட்சம் டாலர் குறைத்துச் சொல்வது என்று முடிவானது. அங்கிள் எப்படியும் கூட்டிக் கேட்பார், அப்போது மெல்ல மெல்ல ஏறி வரலாம் என்பது திட்டம்.

அன்று மாலையே கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். தொகையைச் சொன்னார். “இதுக்கு மேல எங்களால முடியாது அங்கிள்” என்று வழக்கமான பொய்யையும் சேர்த்துச் சொன்னார்.

“ஓம்” என்றார் அங்கிள். பிறகு இன்னொரு தடவை, “ஓம் தம்பி. அப்ப நான் வைக்கிறன்.”

போனை வைத்ததும் கணவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. ஓம் என்றால் ஆமாம் என்று இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தோம். பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று பூரித்துப்போனோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ‘இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமோ’ என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு ஓடியது.

கேசரி கிளறினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மகளிடம், இனி இது நம் சொந்த வீடு என்றோம். அவள் கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய், “திஸ் வால் இஸ் அவர்ஸ்? அண்ட் திஸ் ஒன்?” என்று அறை அறையாகக் கேட்டாள். பத்திர வேலைக்கு ஒரு வக்கீலையும் விசாரித்து வைத்தோம். அங்கிளைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாமே அவசரப்பட்டால் மனசு மாறிவிடுவார், அவரே கூப்பிடட்டும் என்று காத்திருந்தோம். அவருக்குப் பதிலாக ஒரு ஏஜென்ட் கூப்பிட்டான். வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரப் போகிறார்களாம், படம் எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டான்.

அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்கு ஓடினோம். அவர் மனைவி அன்ரி கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டி “இருங்கோ” என்றார்.

“அன்னைக்கு நீங்க ஓம்னு சொன்னீங்களே அங்கிள்?” என்றார் கணவர்.

“நீங்கள் சொன்னது கேட்டது எண்டதுக்கு ஓம் எண்டனான் தம்பி. சம்மதம் எண்டு எப்ப சொன்னனான்?” குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “நான் விலை மதிப்பிடுவிச்சுப் போட்டுத்தான் உங்களிட்டை வந்தனான். ஏஜென்டுக்குக் குடுக்கிற காசை உங்களுக்கே விட்டுத்தருவம் எண்டு இவவோட கதைச்சு வச்சிருந்தனான். நீங்கள் சந்தையில மீன் கேக்கிற மாதிரிக் கேட்டுப்போட்டியள்.”

பதற்றத்தில் கணவர், எங்களால் முடிந்த முழுத் தொகையையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். அது நிலைமையைச் சரிசெய்யும் என்று நானும் நினைத்தேன். அங்கிள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு காசு கையில இருந்தும்தான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டனீங்களோ?”

ஏஜென்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, இனித் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். நான் எல்லா மானத்தையும் விட்டு, “எங்க பொண்ணுக்காகவாவது யோசிங்க அங்கிள்” என்றேன். “அதை நீங்களெல்லோ முதல் யோசிச்சிருக்கவேணும் பிள்ளை” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

எங்கள் மேல் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. பேரமே தெரியாத ஊரிலா அவர் பிறந்தார்? ‘தம்பி, காணாது, இன்னும் கூட்டுங்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஏறி வந்திருப்போமே! முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தார். முதலிலேயே உள்ளதைச் சொல்வது ஏமாளித்தனம் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்ணெதிரே நடந்த கொடுமை. வாசலில் பலகை நட்டார்கள். மகளுக்குத் தெரிய வேண்டும் என்று படிகளின் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தோம். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது, எடுத்துவிட முடியுமா என்று ஏஜென்ட் இளித்துக்கொண்டே கேட்டான். எடுத்தோம். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த மகள் பின்படியில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். நான் திரும்பவும் நாடாவை ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வந்தபோது மறுபடி உரிக்கச் சொன்னான். யார் யாரோ வந்து என் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஒருத்தி என் மகளின் அறை வாசலில் நின்று, இந்தச் சுவரை இடித்துவிடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். மகள் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஏலம் எங்கள் வீட்டு முன்புறப் புல்வெளியிலேயே நடந்தது. நாங்களும் பெயர் கொடுத்து நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு நின்றோம். ஏலம் விடுகிறவர், செழிப்பான தோட்டம் என்று என் கறிவேப்பிலை மரத்தைக் காட்டிக் காட்டி விலையை ஏற்றினார். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் எனக்கே எதிராக நின்றது. கணவர் இரண்டு தடவைதான் கையைத் தூக்கினார். அதற்குள் பேங்க் சொன்ன எல்லை தாண்டிவிட்டது. ஒரு லட்சம் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள், இன்னும் பத்தாயிரம் கிடைக்காதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல உடை போட்ட ஒரு இளம் ஜோடிக்கு வீடு போனது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அங்கிளுக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. வேலி ஓரமாக நின்றிருந்தவர் என்னிடம் வந்து, “மனவருத்தப்படாதையும் பிள்ளை” என்றார். நான் உள்ளே போய்விட்டேன். வாங்கியவர்கள் தாங்களே குடிவரப்போவதாகச் சொன்னதால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கைக்கு எட்டும் வீடு, வாங்கவும் இல்லை, வாடகைக்கும் இல்லை. இப்போது இருப்பது அரை மணி நேரக் கார் தூரத்தில், பெரிய சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடி யூனிட். பாதிச் சாலைக்கு நடைபாதையே கிடையாது. லாரிகள் போகும் இரைச்சலில் அவளுக்குக் காதும் உதவாது. பஸ் ஸ்டாப் வரை அவள் தனியாக நடக்க ஒரு மாதம் நானும் அவளும் பழகிப் பார்த்தோம். ஒருநாள் ஒரு கார் உரசுவதுபோல் போனதற்குப் பிறகு, “ஐ டோன்ட் வான்ட் டு, அம்மா” என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு தினமும் நானே கொண்டுபோய் விடுகிறேன். பதின்மூன்று வயதாகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு பள்ளி வாசலில் நுழையும்போது, இவள் காரிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். தெரிந்த குரல் கேட்டால் சட்டென்று விட்டுவிடுவாள், இரண்டடி போய்த் தடுமாறி மறுபடி பிடிப்பாள். கோபித்தாலாவது தேவலை. “இட்ஸ் ஓகேம்மா” என்கிறாள். அன்று நாங்கள் கொடுக்காமல் பதுக்கிய பணம் இன்றும் பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் என் கையைப் பிடிக்கும்போது, என் மகள் தனியாக நடந்த அந்த இரண்டு தெருவை நான்தான் பேரம் பேசித் தொலைத்தேன் என்று தோன்றுகிறது.