அவள் சொன்னதும் நான் சொன்னதும்

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், எச்.ஆர். பிரிவில் எனக்கு வேலை. பள்ளி நாட்களில் டியூஷன் போய் இந்திப் பரீட்சைகள் எழுதியிருந்தேன். வடக்கிலிருந்து பெண்கள் வேலைக்கு வர ஆரம்பித்ததும் அந்த இந்தி எனக்குப் பெரிய மரியாதையைச் சேர்த்தது. காய்ச்சல், லீவு, ஹாஸ்டல் சாப்பாடு, எதுவானாலும் அவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள்.

அவளும் அப்படித்தான் வந்தாள். ஒடிசாக்காரி, இருபத்திரண்டு வயது, தையல் லைனில் வேலை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். துணியைப் பார்க்கிற சாக்கில் லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று உடம்பில் கை வைக்கிறார். மூன்று தடவை நடந்துவிட்டது. கையைத் தட்டிவிட்ட நாளிலிருந்து, அவள் தைத்ததையெல்லாம் பிரித்துத் தைக்கச் சொல்கிறார். சொல்லும்போது அவள் அழவில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவள் சொன்ன இந்தியிலேயே எழுதிக்கொண்டேன். "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்றேன். சொன்ன நேரத்தில் அது உண்மைதான்.

அந்த சூப்பர்வைசர் குண்டடம் ஊர்க்காரர். என் கணவருக்குப் பங்காளி முறை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். புகார் கமிட்டிக்குப் போய் விசாரணை நடந்த அன்று காலை நான் டிபன் பாக்ஸில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, அந்தண்ணனுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு அதுகளக் கட்டிக் குடுக்க வேண்டாமா?"

"அவளும் ஒரு ஊட்டுப் புள்ளைதானுங்களே?"

"நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? பாத்துப் பேசுன்னுதான் சொல்றேன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எதிர்த்திருப்பேனோ என்னவோ.

மீட்டிங் அறையில் புகார்க் கமிட்டி கூடியது. பேக்டரி மேனேஜர் மேடம்தான் தலைவர். செக்கிங்கிலிருந்து ஓர் அக்கா, அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர். வெளியிலிருந்து வர வேண்டிய வக்கீலம்மா வரவில்லை. கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

அவள் எல்லாவற்றையும் இந்தியில் சொன்னாள். எங்கே கை வைத்தார் என்று தன் உடம்பைத் தொட்டுக் காட்டினாள். செக்கிங் அக்கா தலை குனிந்துகொண்டார். எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் பதிவேட்டில் ஏறப்போவது என் வாயிலிருந்து வரும் தமிழ்.

"என்னங்க சொல்றா?" என்றார் மேடம்.

"சூப்பர்வைசர் ரொம்பக் கிட்ட வந்து நின்னு வேலை வாங்கறாருங்களாம் மேடம். அவளுக்குச் சங்கடமா இருக்குதாம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திருப்பூருக்கு வந்து அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்ததை நான் மறந்துவிட்டேன்.

"நான் அப்புடிச் சொல்லலீங்க அக்கா" என்றாள் தமிழில். "தொட்டாருன்னு சொன்னேனுங்க."

அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். எங்களிடம் கற்றுக்கொண்ட மரியாதை.

மேடம் அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார். "இவளுக்குத் தமிழ் சரியா வராதில்லீங்க?"

"ஆமாங்க மேடம்" என்றேன்.

மொழி தெரியாததால் வந்த குழப்பம் என்று எழுதினார்கள். சூப்பர்வைசருக்கு ஓர் அறிவுரை. அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். ஒரு நாள் போன் செய்தேன். எடுத்தாள். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள்.

மகளிர் தினத்தன்று மைக் பிடித்துப் பெண்கள் உரிமை பற்றிப் பேசியவள் நான். அநியாயம் என்றால் யாராவது மிரட்டுவார்கள், நாம் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அறையில் யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்க, இன்னொரு பெண்ணின் பணிவான இரண்டு பதில்கள் போதுமானதாக இருந்தன.

என் மொழிபெயர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி மேடத்திடம் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இப்ப எதுக்குங்க இது? அந்தப் புள்ளையே போயிருச்சு. உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேறு யாரிடமும் அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த மாதம் அந்த சூப்பர்வைசருக்கு இன்னொரு லைனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் இருப்பவர்கள் எல்லோரும் புதிதாக வந்த வடநாட்டுப் பெண்கள்.