பிச்சையம்மாள் வாங்கிய பழி

வடகவுஞ்சியில் பிச்சையம்மாளுக்கு அரை ஏக்கர் பூண்டும் ஊர் கொள்ளாத கோபமும் இருந்தன. 1958 மார்கழியில் பக்கத்துக் காட்டுக்காரன் அழகுமலையின் எருமை புகுந்து இரண்டு பாத்திப் பூண்டைத் தின்றுவிட்டது.

"வாயில்லாச் சீவன், விடுங்கக்கா" என்றான் அவன்.

"பழி வாங்காம விடமாட்டேன்லே!" என்று முந்தானையை உதறிச் செருகினாள் அவள்.

மறுநாள் வெள்ளனே அவன் கொடைக்கானல் பஸ் ஏறியதும், எருமையை அவிழ்த்து அவனுடைய பீன்ஸ் காட்டுக்குள்ளேயே விரட்டிவிட்டாள். அது பீன்சை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூண்டு ருசி கண்ட எருமை நேராக அவள் காட்டுக்கு நடந்து, மிச்சப் பாத்திகளையும் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படுத்தது.

சாயங்காலம், "பாலெல்லாம் பூண்டு நாறுது! கட்டிப்போட்ட எருமைய அவுத்துவிட்டது யாரு?" என்று அழகுமலை கத்தியபோது ஊரே அவளைத்தான் திரும்பிப் பார்த்தது. பழி வாங்கப் போனவள் பழியை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் பத்து வருஷமாக, எவனாவது பழி வாங்குவேன் என்று அவள் முன்னால் குதித்தால் போதும்.

"ஏலே, புதுசா எதுக்கு வாங்குற? நான் வாங்குனதே மூட்டையாக் கெடக்கு. பாதிய எடுத்துக்கிட்டுப் போ!"