மாப்பிள்ளையும் ரொறன்ரோ நேரத் தாலியும்

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில், எங்கள் அடுப்படியிலிருந்து வரும் கட்டளைப்படி ஒரு கல்யாண மாப்பிள்ளை ஆபிரிக்காவைக் கடக்கிறார்.

மாப்பிள்ளை என் மனிசியின் தம்பி. நாளை காலை லுசாகாவில் கல்யாணம். தாலி அவருடைய கைப்பையில்.

அடிஸ் அபாபாவில் விமானம் இறங்கியதும் போன் எடுத்தார். மனிசி கலண்டரைப் பார்த்தார்.

"ராகுகாலம். தாலியோட இறங்காத."

"அக்கா, இஞ்ச பின்னேரம்!"

"தாலி ரொறன்ரோவில செய்தது. அதுக்கு எங்கட நேரம்தான்."

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள் இவரைச் சுற்றிக் கூட்டித் துடைத்தார்கள். எங்கள் கல்யாணத்தன்று நானும் மண்டப வாசலில் ஒன்றரை மணித்தியாலம் காருக்குள் இருந்தவன்தான். அதை விடுங்கள்.

கடைசியில் அக்கா இரங்கினார். "சரி, பையைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு இறங்கு."

இப்போது நைரோபி. எங்கள் நேரம் நாலரை வரை எமகண்டம். லுசாகா விமானமோ அதே எங்கள் நேரம் நாலேகாலுக்கு. தவறினால் அடுத்தது நாளை மத்தியானம்தான்.

"அத்தான், ஏதாவது செய்யுங்கோ!"

செய்தேன். அடுப்படி மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினேன். "நாலரை தாண்டிட்டுது, ஏறு!" என்று மனிசியே சொன்னார். மாப்பிள்ளை ஏறிவிட்டார்.

"இஞ்சேருங்கோ! ஆர் இந்த மணிக்கூட்டில கை வைச்சது?"

மனிசி கேட்டால் சொல்லிவிடுங்கள், நான் காலையிலிருந்து உங்களோடுதான் இருந்தேன்.