துரைப் பேயின் கை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு விசாரணை வந்தது எழுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பில் வாயாடிக்கொண்டிருந்தபோது. பெரிய வாத்தியார் பாட நேரத்தில் பையன்களைத் தன் முட்டைக்கோசுத் தோட்டத்துக்கு அனுப்பிப் பூச்சிமருந்து அடிக்கவைத்தார். மருந்து பட்டு அண்ணனுக்குக் கண் வீங்கி, பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அம்மா ரிங்லெட் டவுனுக்குப் போய், எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, பெயர் போடாமல் ஒரு மனு அனுப்பினாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். "இங்கருந்து போக வேண்டி வந்தா, வேற எஸ்டேட்ல ஒங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களாம்மா?" என்று விசாரித்தார். எங்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். பிறகு, அதிகாரிக்குத் தேநீர் கலக்கவும் அவளையே மலையிலிருந்து பள்ளிக்குக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் கண்ணெரிச்சலில் வீட்டில் படுத்திருந்தான். பட்டப்பகலில் வகுப்புக்குள் பனி வந்து உட்கார்ந்திருந்தது. எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரத் துரை அந்த மாதிரிப் பனியில்தான் நடமாடுவார் என்று லயமே நம்பியது. அதிகாரி வாத்தியாரை வெளியே அனுப்பிவிட்டு, "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. வாத்தியார் தோட்டத்துல வேலை வாங்குனது உண்மைன்னா கையத் தூக்குங்க. யாரும் பார்க்க மாட்டாங்க," என்றார்.

மூடினேன். தூக்கினேன். அண்ணன் கண்ணுக்காக இரண்டு கையையும்கூடத் தூக்கியிருப்பேன். பிறகு பலகைத் தரை லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ என் பக்கத்தில் நின்று மூச்சு விட்டார்கள். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கியது. சில்லென்ற கை. விரல் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது.

கண்ணைத் திறக்கச் சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. அதிகாரியின் மேசையில் ஒரு கோப்பைத் தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒருத்தரும் தூக்கல," என்று சொல்லிக் குனிந்து எழுதினார்.

"அம்மா, தொரைப் பேயி என் கையப் புடிச்சிருச்சும்மா!" என்று வீட்டில் அலறினேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "ஆமாடி, பேயிதான். யார்கிட்டயும் சொல்லாத," என்றாள். குரல் நடுங்கியது. அவளும் பேய்க்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வழக்கம்போல மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். கிராணி அதன் பிறகு எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரிக்கவே இல்லை. நானோ பல மாதம் அந்த மணிக்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துத் தூங்கினேன். கொழுந்து கிள்ளி வெடித்த விரல் எந்தத் துரைக்கும் இருக்காது என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.