வீமனுக்கு வைத்த சோதனை

மாமா அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். கழுத்தடியில் சிப்பைக் கொஞ்சம் இறக்கியதும் இரண்டு முக்கோணக் காதுகளும் ஒரு கறுத்த மூக்கும் வெளியே எட்டிப் பார்த்தன. வளர்ந்தால் கன்றுக்குட்டி அளவுக்கு வரும் என்றார். ஜப்பான்காரர் கரடி வேட்டைக்குக் கொண்டுபோகிற சாதி என்றார். லண்டன் எட்மண்டனில் எந்தக் கரடியைப் பிடிக்கப் போகிறாய் என்று அம்மா கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜேர்மனியில் வளர்ந்து, அங்கே எதுவும் சரிவராமல் லண்டனுக்கு வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தார். ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டினார். அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே சகோதரம் என்பதால் அவர் செய்கிற கூத்தெல்லாம் எங்கள் வீட்டில் மன்னிக்கப்பட்டது. நாய் மட்டும் மன்னிக்கப்படவில்லை.

இத்தனைக்கும் அம்மாவுக்கு நாய் என்றால் பயம் இல்லை. பூங்காவில் எவ்வளவு பெரிய நாய் குறுக்கே வந்தாலும் சாதாரணமாகக் கடந்து போவார். ஆனால் மாமா அதன் குணத்தைச் சொல்லத் தொடங்கினால் முகம் இறுகிவிடும். எசமானை விட்டு அசையாது, அவர் எந்த அறைக்குள் போனாலும் வாசலில் காவல் கிடக்கும், உயிர் போனாலும் அந்த இடத்தை விட்டு நகராது என்று மாமா ஒருநாள் அடுக்கிக்கொண்டே போனார். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"விசுவாசமான நாய் எங்களுக்கு வேண்டாம் தம்பி. களவெடுக்கிற நாயெண்டாலும் பறவாயில்லை."

மாமாவும் நானும் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடு என்றார். நாளைக்கு என்றார் மாமா. அவருடைய நாளை குளிர்காலம் முழுவதும் நீண்டது.

வரப்போகும் உடம்பை நம்பி வீமன் என்று பெயர் வைத்தோம். எனக்குப் பொறுமை என்ற சாமான் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் அதைக் கதவுநிலையோடு நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு கிழிப்பேன். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தடித்துக்கொண்டிருந்தனவே தவிர மேலே ஏறவில்லை. ஊசி போடக் கொண்டுபோனபோது மிருக வைத்தியர் விஷயத்தை உடைத்தார். மாமா வாங்க நினைத்தது அகிதா என்ற பெரிய சாதி. வாங்கி வந்தது ஷிபா. அதுவும் ஜப்பான்தான், ஆனால் முழங்காலைத் தாண்டாது. கரடி இல்லை, பற்றைக்குள் பதுங்கும் பறவையையும் முயலையும் கிளப்புவதற்குப் பழக்கிய நாய்.

மாமா அசரவில்லை. எங்கேயோ வாசித்துவிட்டு வந்து, இதுதான் அங்கே மிகப் பழைய இனம் என்றார். ஜப்பானில் சண்டை நடந்த காலத்தில் பட்டினியிலும் நோயிலும் இந்த இனமே இல்லாமல் போகப் பார்த்ததாம். மலைக் கிராமங்களில் தப்பியிருந்தவற்றைத் தேடிப்பிடித்துத்தான் திரும்பவும் பெருக்கினார்களாம். எங்கடை ஆக்கள் மாதிரித்தான் என்று சொல்லி அதன் தலையைத் தடவப் போனார். வீமன் தலையை விலக்கிக்கொண்டது.

அதுதான் என் பிரச்சினை. பார்க்க அவ்வளவு அழகு. செம்பட்டை உரோமம், பால் வெள்ளையில் கன்னமும் வயிறும், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால், எப்போதும் சிரிப்பை அடக்குவது போன்ற முகம். எட்மண்டனில் நரிக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக் கிழவி பல நாள் அதை நரி என்றே நினைத்து, எங்கள் வீட்டுக்குள் நரி புகுந்துவிட்டது என்று கதவைத் தட்டினார். ஆனால் அந்த அழகுக்குள் எங்கள் மேல் பாசம் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. கூப்பிட்டால் காதைத் திருப்பும், உடம்பைத் திருப்பாது. பூனை போலத் தன் காலைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். குரைக்கவும் மாட்டாது. குளிக்க வார்த்தால் மட்டும் யாரோ பிள்ளையை அடிப்பது போல வீடதிர அலறும். பட்டியைக் கழற்றினால் திரும்பிப் பார்க்காமல் ஓடும்.

நான் அதற்குப் பின்னாலேயே அலைந்தேன். சாப்பிடும்போதும் எழுந்து எழுந்து போய், அது என்னைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன். கட்டிலில் படுத்தால் இப்போது வரும், இப்போது வரும் என்று கதவைத் திறந்து வைப்பேன். என் பள்ளிச் சிநேகிதியின் நாய் அவளைக் கண்டதும் மேலே பாய்ந்து முகமெல்லாம் நக்கும். எனக்கு வாய்த்ததோ வாடகைக்கு இருக்கிறவர் போல வீட்டுக்குள் நடந்து திரிந்தது.

கோடை விடுமுறை தொடங்கியதும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திரும்பத் திறக்கும்போது நாய் இந்த வீட்டில் இருக்கக்கூடாது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாமா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு ஒரு திட்டம் சொன்னார். வீமனின் விசுவாசத்தை அக்கா கண்ணால் கண்டால் மனம் இளகிவிடுவார். நான் ஒளிந்துகொள்ள வேண்டும். வீமன் தேடிக் கண்டுபிடித்து, என் முன்னால் காவல் கிடக்கும். மாமா மூளை உள்ளவர் என்று நான் அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

சனிக்கிழமை அம்மா கடைக்குப் போன நேரம் படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் புகுந்துகொண்டேன். உள்ளே தூசி உறிஞ்சும் மெசினும் ஓர் அரிசி மூட்டையும் இருந்தன. கதவில் விரல் அகலத்துக்கு நீக்கல் விட்டிருந்தேன். முன்கதவு திறந்தது. அம்மாவின் கால் சப்பாத்து தெரிந்தது. பிள்ளை எங்கே என்று கேட்டார்.

"பிள்ளை ஒளிச்சிருக்கிறாள் அக்கா. நீங்கள் சத்தம் போடாமல் நில்லுங்கோ, வீமன் இப்ப காட்டும்."

அம்மாவின் சப்பாத்து அசையவில்லை. பைகளைக் கீழே வைத்த சத்தமும் கேட்கவில்லை. பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், இந்த விளையாட்டை நிப்பாட்டு என்றார். மாமா நிற்பாட்டவில்லை. தேடு, தேடு என்று நாயை ஏவினார்.

நகங்கள் தரையில் தட்டிக்கொண்டு வந்தன. நீக்கலில் ஈர மூக்கு வந்து நின்றது. ஒரு தரம் முகர்ந்தது. பிறகு ஒரு கண் தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டோம். நான் இங்கே இருப்பது அதற்குத் தெரியும். வா, படு என்று வாயசைத்துக் கெஞ்சினேன். வீமன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் போய், முன்னறை சோபாவின் முதுகில் ஏறி, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு அழுதபடி வெளியே வந்தேன். மாமாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்திடுறன் அக்கா என்றார், இந்த முறை உண்மையாகவே. அம்மா சப்பாத்தோடேயே சோபாவடிக்குப் போனார். அதுவரை ஒருநாளும் தொட்டிராத அந்த நாயின் கழுத்தில் கையை வைத்தார். அது தலையை விலக்கியது. அவர் கையை எடுக்கவில்லை.

"நீ காட்டிக் குடுக்கேல்லை" என்றார் அதனிடம். பிறகு மாமாவைப் பார்த்து, "இது நிக்கட்டும்" என்றார்.

அன்று பின்னேரம் வீமனுக்கு உப்புப் போடாமல் கோழி அவித்துக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. சோதனையில் கோட்டைவிட்ட நாய்க்குக் கோழி, அழுத எனக்கு நேற்றைய பருப்பு.

பல வருடங்கள் கழித்து, வீமன் கிழடாகி மூஞ்சி நரைத்திருந்த காலத்தில், அம்மா சமையலறைத் தரையில் இருந்து அதன் உதிரும் உரோமத்தை வாரிக்கொண்டே சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர்களிடமும் ஒரு நாய் இருந்தது. அம்மாவின் அண்ணா தூக்கி வளர்த்த நாய். ஒருநாள் காலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. மாட்டுக்கொட்டிலில் அடுக்கியிருந்த ஓலைக்குப் பின்னால் அண்ணா ஒளிந்துகொண்டார். வந்தவர்கள் வீடு முழுக்கத் தேடி, ஒன்றும் இல்லையென்று படலை வரைக்கும் போய்விட்டார்கள். அப்போதுதான் அவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். நாய் ஓலைக்கு முன்னால் படுத்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் அசையவில்லை. அண்ணா திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அப்போது, அலுமாரிக்குள் ஒளிந்த நாளில் எனக்கிருந்த வயது. மாமா கைக்குழந்தை, அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா என்னிடமும் கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது, கோழி அவிந்துகொண்டிருக்க அம்மா படியில் குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதார் என்பது மட்டும்தான். நாய்க்கு எங்கள் மேல் பாசமில்லையே என்று அவருக்கும் கவலை என்று நினைத்தேன். என் கோபம் எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய் இருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதேங்கோ அம்மா. கொஞ்ச நாள் போகட்டும். பிறகு நான் எங்கை ஒளிச்சாலும் வீமன் வந்து முன்னாலை படுத்திடும்."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லைப் போலும் என்று, நான் அந்தக் கையை விலக்கிவிட்டு அதையே இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.