எறங்கிட்டாரு

சித்தாள் வேலைக்குப் போகிற இடத்தில் எனக்கு ஒரு பட்டப்பேர் உண்டு: 'விழுந்துருவ' அக்கா. யாராவது சாரத்தில் கால் வைத்தாலே "பாத்துய்யா, விழுந்துருவ" என்று சொல்லிவிடுவேன். "வாயக் கழுவுக்கா" என்பார்கள். கழுவிவிட்டு வந்தும் அதையேதான் சொல்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள், வேறு நல்ல வார்த்தை தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராசிங்காபுரத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள், வேலை நடக்கிற இடத்தில் 'விழுந்தது' என்று வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நடந்துவிடுமாம். செங்கல் விழுந்தால் 'கல்லு எறங்கிருச்சு'. ஆளே விழுந்தாலும் 'எறங்கிட்டாரு'. இந்த வழக்கம் எனக்குத் தெரியாத வயதில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். சாரம் கட்டுவது அம்மாவின் தம்பி, என் மாமா. பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். வாரம் முழுக்கத் தகரக் கொட்டகையில் தங்கல், சனிக்கிழமை ஜீப்பில் ஊருக்கு.

ஒருநாள் எஞ்சினியர் வந்து மூன்று மஞ்சள் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு இல்லை. தலையில் சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி தூக்குகிறவளுக்கு அது எங்கே நிற்கும்? அப்பாவுக்கு அதைப் போட்டால் காது கேட்கவில்லையாம். மாமா ஒன்றை எடுத்து, கட்டடத்தின் முகப்பில் தொங்கிய திருஷ்டி பொம்மையின் தலையில் மாட்டினார். "ஊர்க் கண்ணெல்லாம் படுறது அவன் மேலதான? அவனே போட்டுக்கட்டும்." இன்னொன்றில் ஆணி கிடந்தது. மூன்றாவதில் நான் தட்டாங்கல் வைத்திருந்தேன்.

சாரம் சவுக்குக் கம்புகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியது. காலைப் பனியில் நனைந்து கயிறு விறைத்து நிற்கும். வெயில் ஏறிக் காய்ந்ததும் தொளதொளத்துவிடும். அதனால் உச்சிக்கு முன்னால் மாமா ஒவ்வொரு முடிச்சாக இறுக்கிக்கொண்டே வருவார். அந்த வெள்ளிக்கிழமை வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கயிறெல்லாம் நைந்து போச்சு, புதுசு வாங்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா, மலைக்குக் கீழே போடிக்குப் போகிற ஜீப்பைக் கண்டதும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். "அப்பாட்டச் சொல்லிரு, வெரசா வந்துர்றேன்" என்று என்னிடம் மட்டும் கத்திவிட்டுப் போனார்.

சொல்லத்தான் போனேன். போன இடத்தில், அப்பா நின்று பூசிக்கொண்டிருந்த பலகைக்குக் கீழே ஒரு முடிச்சு தளர்ந்து கிடந்தது கண்ணில் பட்டது. வந்த சேதி மறந்துபோச்சு.

"அம்மா, அப்பா விழுந்துருவாராம்மா?"

அம்மா என் வாயிலேயே ஒரு தட்டு தட்டினாள். "வேல நடக்குற எடத்துல என்ன பேச்சுடி பேசுற?"

மணல் குவியலில் போய் உட்கார்ந்தேன். அப்பா காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் அந்தக் கம்பு ஒரு விரல்கடை கீழே நழுவியது. சொன்னால் அடி விழும். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அப்பா மேலேயிருந்து குரல் கொடுத்தார். "மாப்ளேய்! கயித்தக் கொஞ்சம் பாருப்பா!"

"ஏ புள்ள, மாமா எங்கடி?" என்றாள் அம்மா.

எஸ்டேட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியவள் நான். மலையை விட்டுப் போடிக்குப் போவதற்கு அவர்கள் சொல்கிற சொல்தான் என் வாயில் வந்தது.

"மாமா எறங்கிட்டாரும்மா."

அம்மா தலையிலிருந்த சட்டி கவிழ்ந்து சாந்து தரையில் சிதறியது. "ஐயோ, என் தம்பி!" அப்பா பூச்சுக் கரண்டியைப் பலகையிலேயே போட்டுவிட்டுக் கம்பைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு கீழே வந்தார். கட்டடத்தின் பின்பக்கம் செங்குத்தான சரிவு. ரெண்டு பேரும் ஏலச்செடிகளை விலக்கி விலக்கி, "மாப்ளே, மாப்ளே" என்றும் "தம்பீ" என்றும் கூப்பிட்டுத் தேடினார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று விளங்காமல் நானும் பின்னாலேயே போய்த் தேடினேன்.

அப்போதுதான் முன்பக்கம் மடமடவென்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அப்பா நின்ற பலகை, கம்பு, கரண்டி, சாந்து எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. அப்பா அதைப் பார்த்தபடி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தோளில் புதுக்கயிற்றோடு வந்து சேர்ந்த மாமாவை அம்மா முந்தானையாலேயே அடி அடியென்று அடித்தாள். "உசுரோடதானக்கா இருக்கேன், சோத்தப் போடு" என்றார் அவர். பொம்மைதான் காப்பாற்றியது என்று முடிவாகி, அதற்குச் சூடம் காட்டினார்கள். எனக்குக் கிடைத்தது முதுகில் ரெண்டு அறை. ஆனாலும் சூடம் அணைந்ததும் மாமா பொம்மையின் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அப்பா தலையில் வைத்தார். அப்பாவும் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் ஜீப்பில் மலையிறங்கும்போது, "நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டேன்.

"இனிமே அந்த வார்த்தயச் சொல்லாத."

"அப்பா மட்டும் சொல்லலாமா?" என்றேன்.

ரொம்ப நாளைக்கு முன்னால் பெரியப்பாவும் இதே மலைக்குத்தான் கட்டட வேலைக்குப் போனார். அவர் எங்கே என்று எப்போது கேட்டாலும் அப்பா சொல்வது அது ஒன்றுதான்: "பெரியப்பா எறங்கிட்டாரு ஆத்தா." அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு இந்த லீவில்தான் கிடைத்திருந்தது.

"அப்ப பெரியப்பா போடியிலதான இருக்காரு?"

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு போடி கீழே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கயிறு வாங்கிவர மாமாவுக்கு அரை நாள்தான் ஆனது. பெரியப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.